உமிச்சாம்பல் பூச்சு

— அதுல உக்காராதீங்க சார். இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்துப் போட்டது. பாக்கத்தான் கருப்பா சாதுவா இருக்கும், பட்டா தோலு கையோட வந்துரும்.

— சரி சரி, நான் நின்னுக்கிட்டே பேசுறேன். நீ உன் வேலையப் பாரும்மா செம்மொழி. தொந்தரவு பண்ண வரல.

— ஏழு வருசம் கழிச்சு, தஞ்சாவூர் பைபாஸ்ல டிராக்டர் ரோட்டவேட்டர் கத்திக்குப் பதம் ஏத்துற பட்டறையத் தேடிப் புடிச்சு வந்திருக்கீங்க. தொந்தரவு இல்லன்னா வேற என்னங்க சார் அது? சம்பா அறுப்பு நேரம். காலையில நாலு அறுப்பு மிஷின்காரன் வந்து வாசல்ல நிக்கிறான்.

— ஏழு வருசமா ஆச்சு?

— ஆச்சுங்க. நாள் கூடச் சொல்லுவேன், உங்களுக்கு எதுக்கு அது. இது யாரு?

— இதுவா? லின்சி. என்கிட்ட பி.எச்.டி. பண்ணுது. வேளாங்கண்ணிப் பக்கம். நல்ல பொண்ணு, வாயே தொறக்காது. லின்சி, அந்த டப்பாவ அக்காகிட்ட குடு.

— இந்தாங்கக்கா.

— விரல் நுனியெல்லாம் தேஞ்சு கெடக்கே. தேய்க்கிறது, கழுவுறது எல்லாம் நீதானா?

— ஆமாங்கக்கா.

— சாரோட லேப்ல எத்தனை பேரு இருந்தாலும் கழுவுறதுக்குன்னு ஒரு ஆள் நேந்து விட்டுருவாங்க. அப்ப நான். இப்ப நீ.

— பாரும்மா, பழசக் கிளறாத. டப்பாவத் தொற. தொறந்து பாரு முதல்ல.

— அடடே. என்னங்க சார் இது, கருகுன அப்பளம் மாதிரி உதிருது?

— அதான் விசயமே. தொள்ளாயிரம் டிகிரி, நூறு மணி நேரம் தாங்கணும். முப்பது மணி நேரத்துலயே செதில் செதிலா உரிஞ்சுடுது. உலோகத் துண்டு மேல அதே உமிச்சாம்பல் பூச்சுதான். அதே கலவை, அதே கனம், அதே அடுப்பு. இருபது இருபத்தஞ்சு தடவை செஞ்சு பாத்தாச்சு.

— முப்பத்தொண்ணு சார்.

— சரி, முப்பத்தொண்ணு. நீ குறுக்க பேசாத லின்சி.

— அப்ப ஆராய்ச்சிப் பேப்பர்ல போட்டிருக்கீங்களே ஒரு போட்டோ? நூறு மணி நேரம் வெந்தும் சும்மா தேச்சு வச்ச செம்பு மாதிரி ஒரு துண்டு, அது யாரு செஞ்சது?

— அது நீ பண்ண... அது நம்ம பழைய பேட்ச்.

— தொண்டை வரைக்கும் வந்துச்சு சார். சொல்லியிருந்தா ஒண்ணும் கொறஞ்சிருக்க மாட்டீங்க.

— கேளு, நான் எதையும் மறைக்க வரல. வர்ற வெள்ளிக்கிழமை பெங்களூர்லேருந்து ஆளுங்க வராங்க. விமான எஞ்சின் பண்றவங்க. அவங்க கையாலயே துண்டுகள அடுப்புல வச்சு, கதவுக்கு சீல் போட்டுட்டுப் போவாங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து தொறப்பாங்க. தாங்குனா எஞ்சின் பிளேடுக்கு நம்ம பூச்சு. தாங்கலன்னா...

— தாங்கலன்னா?

— தாங்கலன்னா என் பேப்பர், என் பேட்டண்ட், துணைவேந்தர் பட்டியல்ல இருக்கிற என் பேரு, எல்லாம் இந்த டப்பாவுல இருக்கிற மாதிரி உதிர்ந்து போகும். போதுமா? உன் வாயால கேக்கணும்னு நெனச்ச, சொல்லிட்டேன்.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுப்புக் கதவத் தொறக்குறேன். அனலு மூஞ்சில அடிக்கும். லின்சி, நீயும் இந்தப் பக்கம் வா.

— சரிங்கக்கா.

— ம். கத்தி சூட்டுல இன்னும் அரை மணி நேரம் ஊறணும். சொல்லுங்க சார், எங்கிட்ட என்ன கேக்குறீங்க?

— அப்ப நீ என்ன செஞ்சன்னு சொல்லு. அவ்வளவுதான். ஏதோ ஒண்ணு பண்ணியிருக்க. பேப்பர்ல வராத ஒண்ணு.

— எனக்கு என்னங்க சார் தெரியும்? டைட்டானியம் அலுமினைடுன்னா என்னன்னே இந்தப் பொண்ணுக்குத் தெரியாதுன்னு, பொய்க் கணக்கு எழுதுனேன்னு என்னை விசாரிச்ச கமிட்டி முன்னாடி சொன்னீங்களே.

— அது ஒரு சூழ்நிலைம்மா...

— இப்பச் சொல்றேன், மார்க் போடுங்க. டைட்டானியமும் அலுமினியமும் சேந்த உலோகம், இந்தத் துண்டு பூராவும் அதான். எஞ்சின்ல இப்ப போடுற நிக்கல்ல பாதி எடைதான். ஆனா சூடு ஏறுனா டைட்டானியம் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி வந்து காத்தக் குடிச்சுப் பொருக்குத் தட்டும். பொருக்கு உதிரும், உள்ள இன்னும் காத்து போகும், திரும்பப் பொருக்கு. கடைசியில இந்த டப்பா மாதிரி. அதுக்குப் பதிலா அலுமினியம் முன்னாடி வந்துச்சுன்னா மெல்லிசா ஒரு தோலு கட்டும். அந்தத் தோலு உள்ள காத்தயே விடாது. ரெண்டுல எது முந்துதுங்கிறதுதான் மொத்த சங்கதியும். சரியா சார்?

— சரிதான். சரியாத்தான் சொல்ற.

— அலுமினியத்த முந்த வைக்க மத்த ஊருல என்ன பண்றாங்க? லின்சி, நீ சொல்லு.

— மேல கொஞ்சமா ஃப்ளூரினோ குளோரினோ ஏத்துவாங்கக்கா. கொஞ்சம்னா ரொம்பக் கொஞ்சம். ஜாஸ்தியானா அதுவே அரிச்சுடும்.

— நம்ம சாரு பேட்டண்ட்ல என்ன எழுதினாங்க?

— அந்த மாதிரி எதுவும் சேக்காம, உமிச்சாம்பல்லேருந்து எடுத்த சிலிகா பூச்சு மட்டுமே போதும்னு.

— அதானம்மா அதோட பெருமையே! பத்திரிகையில எல்லாம் வந்துச்சே. டெல்டா நெல்லோட உமி ஆகாய விமானத்தக் காப்பாத்துதுன்னு. யாருக்கு வந்துச்சு அந்த யோசனை?

— உமி யோசனை உங்களோடதுதான் சார். அத உங்ககிட்டேருந்து நான் புடுங்க மாட்டேன். எனக்கு வேண்டாம் அது.

— அப்ப என்னதான் வேணும் உனக்கு? கேளு. உன் ரெஜிஸ்ட்ரேஷனுக்குத் திரும்ப உயிர் குடுத்துடுறேன். ஆறே மாசத்துல டாக்டர் செம்மொழி. இந்தக் கத்தி, கரி, அனலு எதுவும் வேணாம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு உக்காரலாம்.

— எங்கம்மா காத்தாயிய உங்களுக்குத் தெரியுமா சார்?

— எந்தக் காத்தாயி?

— உங்க தாத்தா மிராசா இருந்த ஊருலதான் அது பொறந்துச்சு. உங்க வயல்ல நாத்துப் பறிச்சிருக்கு. அது கெடக்கட்டும். நீங்க என்னைத் தூக்கி வெளிய போட்ட வாரம், நடவு வயல்ல வரிசையில நிக்கிறப்ப ஒருத்தி கேட்டாளாம். உம்மவ பரீச்சையில பொய்க் கணக்கு எழுதி மாட்டிக்கிச்சாமே, காலேஜை விட்டுத் தொரத்திட்டாங்களாமேன்னு. அம்மா கையில இருந்த நாத்து முடிய அப்பிடியே வயல்ல போட்டுட்டுக் கரையேறுனது. அதுக்கப்புறம் நடவுக்கே போவல. அடுத்த ஐப்பசியில செத்துப் போச்சு. நான் பொய் சொல்லலம்மான்னு தலமாட்டுல உக்காந்து எத்தனையோ தடவை சொன்னேன். நம்புச்சா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

— நான்... எனக்குத் தெரியாதும்மா. ரொம்ப வருத்தம்.

— வருத்தம் எனக்கு எதுக்கு சார்? எனக்கு உங்க மேல கோவம். பச்சையாச் சொல்றேன், அடங்காத கோவம். இந்த அடுப்பத் தொறக்குறப்பல்லாம் உங்க மூஞ்சிதான் தெரியும். அதனால வெள்ளைக் கோட்டெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. இந்த வேலைய செஞ்சது செம்மொழி, சாமிதுரை மகள். கையெழுத்து, தேதி. எழுதுங்க, அடுத்த நிமிசம் எல்லாத்தையும் சொல்லிடுறேன்.

— அது எப்பிடிம்மா முடியும்? பேப்பர்ல முதல் பேரு என் மகன் முகுந்தன். அத வச்சுத்தான் அவன் ஜெர்மனிக்கே போனான். இப்பப் போய் நான் இப்பிடி எழுதிக் குடுத்தா அவன் கதி?

— அவன் இந்தத் துண்டக் கண்ணால பாத்திருக்கானா சார்?

— செம்மொழி, பிடிவாதம் பண்ணாத. பேப்பர்ல நன்றி சொல்ற எடத்துல உன் பேரு போடுறேன். தனியா ஒரு பாரா. உதவி செய்தவர்னு.

— என்ன உதவி?

— அதான்... சாம்பிள் தயார் பண்றதுல.

— கமிட்டியில இத இன்னும் சுருக்கமாச் சொன்னீங்க. லின்சி கேக்கட்டும், அதே மாதிரி சொல்லுங்க.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. "இந்தப் பொண்ணு துண்டுகளைக் கழுவுனதத் தவிர இந்த ஆராய்ச்சியில ஒரு துரும்பக் கூடக் கிள்ளிப் போடல." ஏழு பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரு சிரிச்சாரு. அது பொய்யின்னு அன்னிக்கு அழுதேன். இன்னிக்குச் சொல்றேன், அதுல ஒரு எழுத்துக் கூடப் பொய் இல்ல சார். நான் கழுவுனேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. இதுக்கு மேல வெவரமா யாராலயும் சொல்ல முடியாது.

— குத்திக் காட்டு, நல்லாக் குத்திக் காட்டு. வாங்கிக்கிறேன். ஆனா என் கேள்விக்குப் பதில் வரல.

— பதில் சொல்லியாச்சு சார். சரி, நம்ப மாட்டீங்க. என் பழைய லேப் நோட்டு இருக்கு, பாக்குறீங்களா?

— இருக்கா? அந்த நோட்டு இன்னும் இருக்கா? ஏம்மா, இத முதல்லயே சொல்லக் கூடாது?

— கமிட்டி முன்னாடி வச்சேனே. வீட்டுல உக்காந்து எழுதுன கதைன்னு தூக்கிப் போட்டீங்க. லின்சி, அந்த இரும்பு அலமாரியில மேல் தட்டு. ஆயில் டின்னுக்குப் பின்னாடி. ஆங், அதான். சார்கிட்ட குடு.

— இந்தாங்க சார்.

— கண்ணாடி எங்க வச்சேன்... ஆங். டெம்பரேச்சர்... தொள்ளாயிரம். பூச்சு மூணு தடவை. காய வச்சது நூத்திருபது டிகிரி. இதெல்லாம் பேப்பர்ல இருக்கிறதுதானே? ஒரு மாத்தமும் இல்லயே. எடை கூடுனது, மில்லிகிராம்... இதுவும் அதான். இது என்ன ஓரத்துல தமிழ்ல கிறுக்கியிருக்க?

— சத்தமாப் படிங்க சார்.

— "காலை ஆறரை. எங்க தெரு பம்பு. ஒரு குடம். அம்மா அடிச்சுக் குடுத்தது." என்னம்மா இது, வீட்டு விசயத்தையெல்லாம் லேப் நோட்டுல எழுதி வச்சிருக்க?

— அடுத்த பக்கம்.

— "பம்பு. ஒரு குடம். குண்டான்ல துண்டுகளைப் போட்டுச் சுண்டுற வரைக்கும் கொதிக்க வச்சது." குண்டானா? எந்தக் குண்டான்?

— எங்க வீட்டு நெல்லு அவிக்கிற குண்டான். டிஸ்டில் வாட்டர் ரூமுக்கு சாவி மத்த மூணு பேருக்கும் இருந்துச்சு. எனக்கு மட்டும் குடுக்கக் கூடாதுன்னு அட்டெண்டர் ஜெக்கரியா அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருந்தீங்க. கழுவுற மிஷினும் அதே ரூமுக்குள்ளதான். நான் எதுல கழுவுறது? காலேஜ் அப்ப நாகப்பட்டினம் ரோட்டுல. எங்க ஊரு அங்கேருந்து ஏழு கிலோமீட்டர். கேன்ல தண்ணி பிடிச்சு, பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வருவேன். லேப்புக்குப் பின்னாடி மண்ணெண்ணெய் ஸ்டவ்ல கொதிக்க வைப்பேன்.

— கண்ணாடி சாமானெல்லாம் உடைஞ்சுடும்னுதான் சாவி குடுக்கலயே தவிர, நான் ஒண்ணும் சாதி பாக்குறவன் கிடையாது.

— நான் சாதின்னு சொல்லவே இல்லயே சார்.

— ...பாரும்மா, அத விடு. உங்க தெருத் தண்ணியிலயா என் சாம்பிளக் கழுவுன? மூணு வருசமும்?

— மூணு வருசமும். வாயில வைக்க முடியாத தண்ணி சார் அது. சுனாமிக்கு அப்புறம் நிலத்தடியில கடல் ஏறிடுச்சு. அதுல சோறு பொங்குனா சோறு கரிக்கும். துணி துவைச்சுக் காயப் போட்டா வெள்ளையாப் பூக்கும்.

— அய்யய்யோ. நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! "மிகத் தூய நீரில் கழுவப்பட்டது"ன்னு பேட்டண்ட்ல, பேப்பர்ல, அத்தனை எடத்துலயும் எழுதியிருக்கேன். இது வெளிய தெரிஞ்சா, அழுக்குத் தண்ணியில கழுவுனதுன்னு பெங்களூர்க்காரங்க மூக்கப் பொத்திக்குவாங்க. மொத்த டேட்டாவும் குப்பைன்னுடுவாங்க.

— அப்ப அதான் காரணமா இருக்குமோன்னு தோணலையா சார்?

— காரணமா? உரியாம இருந்ததே அதிர்ஷ்டம்! இப்ப தஞ்சாவூர் லேப்ல தண்ணி சுத்தம் பண்ணப் புது பிளாண்ட்டே போட்டுருக்கோம், துளி உப்பு இருக்காது, அதுலயே நிக்க மாட்டேங்குது. நீ சாக்கடைத் தண்ணியச் சொல்ற. உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு.

— சாக்கடை இல்ல சார். குடிதண்ணி. எங்களுக்கு அதுதான் குடிதண்ணி.

— எத்தனை பக்கத்துல எழுதி வச்சிருக்க இத? இதுல இருக்கு, இதுலயும் இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் பம்பு, குடம், குண்டான்! இதோட நகல் யார்கிட்டயாவது இருக்கா?

— இல்லீங்க. இது ஒண்ணுதான்.

— செம்மொழி, நான் சொல்றதக் கேளு. இந்த நோட்டு இருக்கவே கூடாது. உனக்கும் நல்லதில்ல. உன் வேலையே அழுக்குன்னு ஆயிடும். லின்சி, நம்பர் இருக்கிற பக்கத்த மட்டும் போட்டோ எடுத்துக்க.

— ஓரமும் சேத்தா சார்?

— ஓரம் எதுக்கு? ஓரத்த விட்டுட்டு எடு.

— சரிங்க சார். எடுத்தாச்சு.

— அந்த அடுப்புக் கதவத் தொறம்மா.

— என் கையால எரிக்க மாட்டேன் சார். மூணு வருசம் அது. எங்கம்மாவப் பத்தி எழுதியிருக்கிற ஒரே நோட்டு. கதவ நான் தொறக்குறேன். போடுறது நீங்க போடணும்.

— சரி, தொற.

— நல்லா யோசிச்சுக்குங்க. போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது.

— தொறங்கிறேன்ல!

— தொறந்தாச்சு. தள்ளி நின்னு வீசுங்க.

— ...அப்பா! என்ன அனலு. போச்சு. நல்லதாப் போச்சு. இப்ப எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடு. அந்தத் தண்ணியப் பத்தி இனிமே யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. என்கிட்டயே கூடப் பேசக் கூடாது.

— உங்ககிட்டயும் பேசக் கூடாதா சார்?

— என்கிட்டயும்தான். நானே கேட்டாலும் சொல்லாத.

— சத்தியமா உங்ககிட்ட சொல்ல மாட்டேன் சார். எங்கம்மா மேல ஆணை.

— நல்ல பொண்ணு. மனசுல எதையும் வச்சுக்காத. பூச்சக் கொஞ்சம் கனமாப் போட்டா சரியாயிடும்னு நெனக்கிறேன், அஞ்சு தடவை பூசிப் பாக்குறோம். லின்சி, டப்பாவ எடுத்துக்கிட்டு வா. நான் கார்ல ஏசியப் போட்டு உக்காந்திருக்கேன், இந்தச் சூட்டுல மயக்கமே வருது. சீக்கிரம் வா.

— வரேன் சார்.

— போயிட்டு வாங்க சார். வாசப்படி தாழ்வு, தல பத்திரம்.

— ...போயிட்டாருக்கா.

— ம். நோட்டு எரிஞ்ச வாசம் இன்னும் போவல பாரு. அழுவேன்னு நெனச்சேன். அழுகை வரல.

— தண்ணி குடிக்கிறீங்களாக்கா?

— வேணாம். இப்பிடி வா, டப்பாவ வை. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமைக்கான துண்டையும் நீதான் கழுவுறியா?

— ஆமாங்கக்கா.

— தீசிஸ் எப்பக் குடுக்கணும்?

— ஜூன்ல. தள்ளிப் போச்சுன்னா ஃபெலோஷிப் நின்னுடும்.

— வீட்டுல?

— அப்பா ஆசீர்வாதம். மெழுகுவத்தி வார்க்கிற வேலை. தம்பி படிக்கிறான்.

— லின்சி, ஏழு வருசமா நான் இந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தேன். எப்பவாவது அவரு வருவாரு, வந்து கேப்பாருன்னு தெரியும். ஏன்னா அந்தப் பூச்சு அவருக்கு ஒரு நாளும் நிக்காது. பட்டறையில சேந்தப்புறம் மிச்சமிருந்த துண்டுகள வச்சுத் தனியாப் பாத்தேன். சுத்தத் தண்ணியில கழுவுனது உரிஞ்சுது. எங்க பம்புத் தண்ணியில சுண்ட வச்சது நின்னுச்சு. உமிச்சாம்பல் பூசாமயே நின்னுச்சு. அந்த உப்புலேருந்து ஏறுன குளோரின்தான் அலுமினியத்த முன்னாடி இழுத்துட்டு வந்துச்சு. சாம்பல் சும்மா மேல பூசுன திருநீறு. அவரு எனக்கு சாவி குடுத்திருந்தா இந்தப் பேரும் புகழும் அவருக்கு வந்தே இருக்காது.

— ம்.

— அத மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவரு காதுல ஏறல. ஏறாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அவரு கையாலயே எரிச்சாரு பாரு, அந்த ஒரு நிமிசம் எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. சொல்றதுக்கு எனக்கு வெக்கமே இல்ல. ஆனா இப்ப உன் விரலப் பாக்குறேன்.

— என் விரலா?

— செவ்வாய்க்கிழமை அடுப்பத் தொறக்குறாங்க. உரிஞ்சு கெடக்கு. பெங்களூர்க்காரங்க முன்னாடி அவரு யாரக் கை காட்டுவாரு? கழுவுனவளத்தான். இந்தப் பொண்ணு ஒழுங்காக் கழுவலன்னு சொல்லுவாரு. எனக்கு நடந்தது உனக்கு நடக்கும். நான் அவரு மேல எறியிற கல்லு உன் மண்டையிலதான் விழும். அத யோசிக்காம விட்டுட்டேன்.

— அக்கா...

— பேசாத, கேளு. எனக்கு வயிறு எரியுதுடி. இருந்தாலும் சொல்றேன். வெள்ளிக்கிழமைத் துண்டக் கடல் ஏறுன கெணத்துத் தண்ணியில சுண்ட வச்சுக் கழுவு. வேளாங்கண்ணியில இல்லாத உப்புத் தண்ணியா? மூணு மணி நேரம், சிறு தீ. யார்கிட்டயும் சொல்லாத. துண்டு நிக்கும். அவரு தப்பிச்சுக்குவாரு, துணைவேந்தரா கூட ஆவாரு, ஆவட்டும். நீ உன் டாக்டர் பட்டத்த வாங்கிக்கிட்டுப் போய்ச் சேரு. என் வஞ்சம் என்னோட போவட்டும்.

— வேணாங்கக்கா.

— என்ன வேணாம்? ஹாரன் அடிக்கிறாரு, சீக்கிரம் சொல்லு.

— அடிக்கட்டும். எம்மேல கை காட்ட முடியாதுக்கா. எந்தத் தண்ணி, எத்தனை நிமிசம், யாரு சொல்லிக் கழுவுனதுன்னு எழுதி, ஒவ்வொரு தடவையும் சார்கிட்ட கையெழுத்து வாங்கிடுவேன். உங்களுக்கு நடந்தது எனக்குத் தெரியும். ஜெக்கரியா அண்ணன் ரிட்டையர் ஆவுறதுக்கு முன்னாடி என்னை உக்கார வச்சு அழுதுக்கிட்டே சொன்னாரு.

— ஜெக்கரியா அண்ணனா?

— ஆமாங்க. போன மே மாசம் உங்க பழைய துண்டு ஒண்ண அறுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். தோலுக்குக் கீழ குளோரின் நின்னுச்சு. சார்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். "மெஷின்ல அழுக்கு, நீ போய் ஒழுங்காக் கழுவுற வழியப் பாரு"ன்னாரு. அன்னிக்கு லீவு போட்டு வீட்டுக்குப் போயி, எங்க கெணத்துத் தண்ணியில ஒரு துண்டக் கொதிக்க வச்சேன். அது லேப் அடுப்புல நூறு மணி நேரம் நின்னுச்சு. என் டிரங்குப் பெட்டியில இருக்கு.

— அடிப்பாவி! அப்ப மே மாசத்துலேருந்து உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே அவரு சொன்ன சுத்தத் தண்ணியில கழுவிக்கிட்டு இருந்தியா? பின்ன எதுக்குடி அவரை இங்க வர விட்ட?

— உரிய உரிய அவருக்குப் பயம் வரும், பயம் வந்தா உங்க பேரு ஞாபகத்துக்கு வரும்னு தெரியுங்கக்கா. அந்த மனுசன் உங்க வாசல்ல வந்து நின்னு கேக்குறத நீங்க ஒரு தடவையாவது பாக்கணும்னுதான், எட்டு மாசமா நான் அத உரிய விட்டேன்.